சுளுக்கு ஆறிவிட்டது... கணுக்கால் வலி மட்டும் ஏன் போகமாட்டேங்குது?

சனிக்கிழமை காலை. பூங்கா இணைப்புப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். காதில் பாட்டு, கையில் கடிகாரம், எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

பாதையின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். பாதம் உட்பக்கமாக மடங்குகிறது. "ஐயோ, மறுபடியுமா!"

இது முதல் முறை இல்லை. உயர்நிலைப் பள்ளியில் பந்து விளையாடும்போது ஒரு முறை, தேசிய சேவையில் ஒரு முறை, போன வருடம் மெக்ரிச்சி காட்டுப்பாதையில் வேர் தடுக்கி ஒரு முறை. ஒவ்வொரு முறையும் வீக்கம் வந்தது, வடிந்தது. இரண்டு வாரத்தில் மறுபடியும் ஓட ஆரம்பித்தாயிற்று.

ஆனால் வலி மட்டும் முழுசாகப் போகவில்லை. ஓடி முடித்த பிறகு ஒரு மந்தமான வலி. படி இறங்கும்போது ஒரு பயம். சமமில்லாத தரையில் கால் வைக்கும்போது "எங்கே மடங்கிடுமோ" என்ற எண்ணம்.

வீட்டில் பாட்டி கேட்பார்: "என்னப்பா, மறுபடியும் காலைப் பிசக்கிக்கிட்டியா? வா, எண்ணெய் போட்டு உருவி விடுறேன்."

நாம் சொல்வோம்: "வேணாம் பாட்டி, விடுங்க. தானா சரியாயிடும்."

தானாகச் சரியாகிவிடுமா? பலருக்கு ஆகிவிடும். எல்லாருக்கும் ஆவதில்லை. முதல் முறை கணுக்கால் சுளுக்கியவர்களில் 10 பேரில் 4 பேர் வரை நீண்டகாலப் பிரச்சினையுடன் இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் அப்படி, அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

சுளுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கணுக்கால் மூட்டைத் தச்சர் செய்த ஒரு பொருத்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஒரு கவ்வி போல் நிற்கின்றன. அந்தக் கவ்விக்குள் டேலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது.

டேலஸ் எலும்பின் முன்பகுதி அகலம், பின்பகுதி குறுகல். பாதம் தரையில் சமமாக இருக்கும்போது அகலமான பகுதி கவ்விக்குள் இறுக்கமாக உட்காரும். விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும்போது குறுகலான பகுதி வந்துவிடும். அப்போது மூட்டு கொஞ்சம் ஆடும்.

நடைபாதை விளிம்பிலிருந்தோ படியிலிருந்தோ இறங்கும்போது அடிக்கடி சுளுக்குவதற்கு அதுதான் காரணம். அந்த நேரத்தில் விரல்நுனி கீழே பார்த்தபடி இருக்கும்.

எலும்பை எலும்போடு கட்டி வைத்திருப்பது லிகமென்ட் எனப்படும் தசைநார். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் முக்கியமாக மூன்று தசைநார்கள் இருக்கின்றன. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது முதலில் அடி வாங்குவது முன்னால் இருப்பது. மடங்கல் கடுமையாக இருந்தால் நடுவில் இருப்பதும் கிழியும். பின்னால் இருப்பது கிழிவது அரிது.

உட்பக்கத்தில் இருக்கும் தசைநார் அகலமானது, வலுவானது. வெளிப்பக்கக் கணு எலும்பு உட்பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கமாக மடங்குவதற்கும் அது ஒரு தடை. அதனால்தான் பெரும்பாலான சுளுக்குகள் வெளிப்பக்கத்தில் வலிக்கின்றன.

சுளுக்கு மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது:

- முதல் நிலை: தசைநார் இழுபட்டிருக்கும், பெரிதாகக் கிழிந்திருக்காது
- இரண்டாம் நிலை: ஒரு பகுதி கிழிந்திருக்கும்
- மூன்றாம் நிலை: முழுவதும் அறுந்திருக்கும்

"சின்ன சுளுக்குதானே" என்று நாம் சொல்வது முதல் நிலையாகவும் இருக்கலாம், மூன்றாம் நிலையாகவும் இருக்கலாம். வலியின் அளவை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

வலி குறைந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தமா?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம்.

வீக்கமும் கடும் வலியும் சில நாள்களில் குறையத் தொடங்கும். ஆனால் உள்ளே வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கும். கிழிந்த இடத்தில் உடல் முதலில் அவசரமாக ஒரு தழும்புத் திசுவைப் போடுகிறது. அதற்கே சில வாரங்கள் ஆகும். பிறகு அந்தத் திசு இழுவிசைக்கு ஏற்றபடி மெல்ல மெல்ல ஒழுங்காகி வலுப்பெறும். அது பல மாதங்கள் நீடிக்கும்; சிலருக்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

இரண்டாவது வாரத்தில் வலி இல்லை என்பதற்காக முழு வேகத்தில் ஓடினால், சிமென்ட் காய்வதற்குள் அதன்மேல் நடப்பது போலத்தான்.

ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 5,000 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 2,500. அரைகுறையாக ஆறிய கணுக்கால் அத்தனை முறை அதைத் தாங்க வேண்டும்.

ஒரே கால் ஏன் திரும்பத் திரும்ப மடங்குகிறது?

இரண்டு காரணங்கள் உண்டு. சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டும்.

முதல் காரணம், தசைநார் தளர்ந்துபோவது. நீண்டுபோன ரப்பர் பேண்ட் மாதிரி. கட்டி வைத்திருக்க வேண்டியது கட்டவில்லை. மூட்டு இயல்பைவிட அதிகம் அசையும்.

இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படாதது. தசைநார் வெறும் கயிறு இல்லை. அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அவை மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடினாலும் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அந்த உணர்வுதான் அது.

பாதம் மடங்கத் தொடங்கியதும் கீழ்க்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் பெரோனியல் தசைகள் சட்டென்று இறுகி அதை நேராக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். தகவல் மங்கலாக வந்தாலோ, தசை பலவீனமாக இருந்தாலோ, கால் மடங்கி முடிந்த பிறகுதான் உதவி வந்து சேரும்.

1965ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் மைக்கேல் ஃபிரீமனும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றி எழுதினார்கள். சுளுக்குக்குப் பிறகு கால் "விட்டுக்கொடுப்பது" போல் தோன்றுவதற்குத் தசைநாரின் தளர்ச்சி மட்டும் காரணமில்லை, உணர்வு நரம்புகளின் பாதிப்பும் காரணம் என்பது அவர்களின் கருத்து. ஆடும் பலகையில் நின்று சமநிலைப் பயிற்சி செய்தால் அது மேம்படும் என்றும் அவர்கள் சொன்னார்கள். இன்று இயன்மருத்துவ நிலையங்களில் பார்க்கும் அந்த வட்டப் பலகைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

கால் அடிக்கடி மடங்குவது, மடங்கிவிடுமோ என்ற உணர்வு, வலி, வீக்கம் ஆகியவை முதல் சுளுக்குக்குப் பின் ஓர் ஆண்டு கடந்தும் தொடர்ந்தால் அதை நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்கிறார்கள். சோம்பேறித்தனமோ மனப்பிரமையோ இல்லை. அது ஒரு மருத்துவ நிலை.

சரி, வலி எங்கிருந்து வருகிறது?

கால் ஆடுவது ஒரு பிரச்சினை. தொடர்ந்து வலிப்பது இன்னொரு பிரச்சினை. திரும்பத் திரும்பச் சுளுக்கும்போது தசைநாரைத் தவிர மற்றவையும் அடிபடுகின்றன. எந்த இடத்தில், எப்போது வலிக்கிறது என்பதைக் கவனித்தால் நல்ல துப்பு கிடைக்கும்.

- மூட்டுக்குள்ளே ஆழமான வலி: ஓடிய பிறகு வீங்குகிறது, சில நேரம் ஏதோ சிக்கிக்கொள்வது போல் இருக்கிறது என்றால், டேலஸ் எலும்பின் மேல் இருக்கும் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம்.
- வெளிப்பக்கக் கணுவுக்குப் பின்னால் வலி: பெரோனியல் தசைநாண்கள் அழற்சி அடைந்திருக்கலாம் அல்லது நீளவாக்கில் கிழிந்திருக்கலாம். "டக்" என்று நழுவும் உணர்வு இருந்தால் தசைநாண் தன் பள்ளத்திலிருந்து வெளியே வருகிறது என்று சந்தேகிக்கலாம்.
- கணுக்காலின் முன்பக்கம் வலி: குந்தி உட்காரும்போது, மேட்டில் ஏறும்போது, படி இறங்கும்போது முன்னால் ஏதோ நசுங்குவது போல் இருந்தால், தடித்த திசுவோ சிறிய எலும்பு முளையோ இடையில் மாட்டிக்கொள்கிறது.
- வெளிப்பக்கக் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் குழியில் வலி: மேடுபள்ளமான தரையில் நடக்கும்போது அதிகமானால், கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டில் பிரச்சினை இருக்கலாம்.
- கணுக்காலுக்கு மேலே வலி: பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது கூடினால், கீழ்க்கால் எலும்புகள் இரண்டையும் இணைக்கும் தசைநார் அடிபட்டிருக்கலாம். இது ஆறச் சாதாரணச் சுளுக்கைவிட அதிக நாள் எடுக்கும்.
- பாதத்தின் மேல்பகுதியில் எரிச்சல், மரத்துப்போதல்: பாதம் மடங்கியபோது நரம்பு இழுபட்டிருக்கலாம்.
- ஒரே ஒரு புள்ளியில் எலும்பு வலி: முதலில் கவனிக்காமல் விட்ட முறிவாக இருக்கலாம். அல்லது ஓட்டத்தின் அளவை வேகமாகக் கூட்டியதால் வந்த அழுத்த முறிவாக இருக்கலாம். ஓடும்போது கூடிக்கொண்டே போகும், பிறகு நடக்கும்போதும் வலிக்கும் என்றால் எச்சரிக்கை.

இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் "கால் வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொல்வதைவிட, "படி இறங்கும்போது இந்த இடத்துல வலிக்குது" என்று விரலை வைத்துக் காட்டினால் அவர் சரியான திசையில் தேட முடியும்.

ஐஸ் வைத்து ஓய்வெடுத்தால் போதாதா?

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. இந்த நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தச் சுருக்கத்தை 1978ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பிற்காலத்தில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவர் எழுதினார்.

ஐஸ் வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். அதற்காகப் பயன்படுத்தலாம். ஆனால் தசைநாரை அது ஆற்றுவதில்லை.

2019ஆம் ஆண்டு இயன்மருத்துவர்கள் பிளேஸ் டுபுவா, ஜான் ஃபிரான்சுவா எஸ்குலியே இருவரும் 'பீஸ் அண்ட் லவ்' என்ற புதிய சுருக்கத்தை முன்வைத்தார்கள். முதல் சில நாள்கள் காலைப் பாதுகாப்பது, உயர்த்தி வைப்பது, கட்டுப் போடுவது. அதன்பிறகு வலி தாங்கும் அளவுக்கு மெல்ல எடை கொடுப்பது, இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சி, உடற்பயிற்சி, நம்பிக்கையான மனநிலை. அதன் சாரம் இதுதான்: முதலில் பாதுகாத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

தசைநார் திசு இழுவிசை கிடைத்தால்தான் சரியான திசையில் வலுப்பெறும். மூன்று வாரம் சோபாவில் இருந்துவிட்டு நேராக 10 கிலோமீட்டர் ஓடுவதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஓய்வும் அதிகம், ஓட்டமும் அதிகம். நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

பாட்டியின் எண்ணெய் வைத்தியம்?

நம் வீடுகளில் சுளுக்கு என்றாலே முதலில் வெளியே வருவது தைலப் புட்டிதான். கோடாலித் தைலம் இல்லாத வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மென்தால் போன்ற பொருள்கள் தோலில் குளிர்ச்சியையோ சூட்டையோ உணரவைக்கும். அந்த உணர்வு வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும். இதமாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் தளர்ந்த தசைநாரைத் தைலம் இறுக்காது.

உருவி விடுவதில்தான் கவனம் தேவை. சுளுக்கிய முதல் சில நாள்களில் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் இருக்கும். அப்போது அழுத்தித் தேய்த்தால் அது கூடலாம். எலும்பு முறிந்திருக்கும் சாத்தியம் இருக்கும்போது காலைத் திருகி இழுத்து "சுளுக்கு எடுப்பது" ஆபத்து. "பிசகின நரம்பைச் சரி பண்றேன்" என்று யாராவது சொன்னாலும், பெரும்பாலான சுளுக்கில் பிசகுவது நரம்பு இல்லை, கிழிவது தசைநார்.

பாட்டியிடம் இப்படிச் சொல்லலாம்: "பாட்டி, முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன். எலும்பு நல்லா இருந்துச்சுன்னா அப்புறமா தைலம் போட்டு விடுங்க."

உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது? வீட்டிலேயே பாருங்கள்

கடும் வலியோ புதிய வீக்கமோ இல்லாதபோது மட்டும் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். காலணி வேண்டாம். பக்கத்தில் சுவரோ நாற்காலியோ இருக்கட்டும்.

- ஒற்றைக் காலில் நிற்பது: ஒரு காலில் 30 நொடி நில்லுங்கள். முடிந்தால் கண்ணை மூடி முயன்று பாருங்கள். கண்ணை மூடினால் எல்லாருக்கும் ஆடும். அடிபட்ட கால் மற்றதைவிட அதிகம் ஆடுகிறதா என்பதுதான் கேள்வி.
- சுவரைத் தொடும் முழங்கால்: சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துங்கள். தொட முடிகிற கடைசித் தூரத்தை, பெருவிரலிலிருந்து சுவர்வரை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குறைவாக இருந்தால் கணுக்கால் இறுகியிருக்கிறது.
- ஒற்றைக் காலில் குதிகால் தூக்குதல்: மெதுவாக ஏறி மெதுவாக இறங்குங்கள். எத்தனை முறை முடிகிறது? ஒரு காலில் 25, மற்றதில் 12 என்றால் பதில் உங்களுக்கே தெரியும்.

இவை நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் இல்லை. வலி இல்லாததால் "சரியாயிடுச்சு" என்று நினைத்த கால் உண்மையில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும்.

என்ன பயிற்சி? எத்தனை வாரம்?

நல்ல செய்தி இதுதான். பலருக்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், பயிற்சி போதும்.

நெதர்லாந்தில் 522 விளையாட்டாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளியானது. எல்லாரும் அண்மையில் கணுக்கால் சுளுக்கியவர்கள். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையுடன் 8 வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வழக்கமான சிகிச்சையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓர் ஆண்டில் பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கு மீண்டும் சுளுக்கியது. செய்யாதவர்களில் அது 33 விழுக்காடு.

பயிற்சி எல்லாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் வீட்டில், யாரும் பக்கத்தில் நின்று பார்க்காமல் செய்த பயிற்சிக்கு இது பெரிய பலன்.

பயிற்சியில் பொதுவாக இவை இருக்கும்:

- சமநிலை: தரையில் ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்கி, தலையணைமேல் நிற்பது, பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது, ஆடும் பலகை எனப் படிப்படியாகக் கடினமாக்கலாம். பல் துலக்கும்போது காலையில் ஒரு கால், இரவில் மறு கால் என்று வைத்துக்கொண்டால் தனியாக நேரம் தேடவேண்டாம்.
- வலு: ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ளுவது பெரோனியல் தசைகளுக்கு. குதிகால் தூக்குவது கெண்டைக்கால் தசைக்கு. இடுப்புப் பக்கத் தசைகளையும் மறக்க வேண்டாம். இடுப்பு தள்ளாடினால் பாதம் தரையில் இறங்கும் கோணமும் மாறும்.
- நெகிழ்வு: சுவரைத் தொடும் முழங்கால் அசைவையே பயிற்சியாகச் செய்யலாம்.
- குதித்தல்: கடைசிக் கட்டம். இரண்டு காலில் குதிப்பது, பிறகு ஒற்றைக் காலில், பிறகு பக்கவாட்டில். ஓட்டம் என்பது ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தொடர்ந்து தாவுவதுதான். அதைத் தாங்குமா என்று ஓடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

பலரும் மூன்றாவது வாரத்தில் "பரவாயில்ல, நல்லாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தருணம்தான் அடுத்த சுளுக்கின் ஆரம்பம்.

பிரேஸ், டேப், புதுக் காலணி உதவுமா?

ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்குப் பிரேஸ் அல்லது டேப் போடுவது மறுபடியும் சுளுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காட்டுப்பாதையில் ஓடும்போதோ பந்து விளையாடும்போதோ பயன்படுத்தலாம். "பிரேஸ் போட்டா கால் பலவீனமாயிடும்" என்று பயப்பட வேண்டாம். ஆனால் பிரேஸ் போட்டிருக்கிறேன், பயிற்சி வேண்டாம் என்பது சரியில்லை.

காலணியைப் பொறுத்தவரை, எந்த விலையுயர்ந்த காலணியும் சுளுக்காது என்று உத்தரவாதம் தர முடியாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த அடிப்பகுதி பாதத்தைச் சாய்க்கும். அப்படித் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மழை பெய்த பிறகு வழுக்கும் ஓடுகளிலும் பாசி படிந்த படிகளிலும் வேகத்தைக் குறைப்பது இலவசம்.

மறுபடியும் எப்போது ஓடலாம்?

நாள்காட்டியைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். இவற்றுக்கு "ஆம்" என்று சொல்ல முடிகிறதா?

- 30 நிமிடம் வேகமாக நடந்தால் வலி இல்லை
- படி ஏறி இறங்கப் பயமில்லை
- ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்
- ஒற்றைக் காலில் 10 முறை குதிக்க முடிகிறது, வலி இல்லை

ஆம் என்றால் சமதரையில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்குங்கள். ஓட்ட மைதானமோ சீரான பாதையோ நல்லது. காட்டுப்பாதை கடைசியில் வரட்டும். ஓடும்போது லேசான வலி இருந்து அடுத்த நாள் காலைக்குள் போய்விட்டால் பரவாயில்லை. அடுத்த நாள் வீங்கினாலோ வலி கூடினாலோ ஒரு படி பின்னே வாருங்கள்.

ஐபிபிடி தேர்வு நெருங்குகிறது, 2.4 கிலோமீட்டர் ஓடியே ஆகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. அதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள். ஒரு தேர்வைத் தள்ளிப்போடுவதால் காலுக்கு நஷ்டமில்லை.

மருத்துவரிடம் எப்போது போகவேண்டும்?

புதிதாகச் சுளுக்கியதும் எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய மருத்துவர்கள் 'ஒட்டாவா விதிகள்' என்ற வழிமுறையைப் பயன்படுத்துகிறார்கள். கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாக்கப்பட்டு 1992ஆம் ஆண்டு வெளியானது அது. எளிமையாகச் சொன்னால், கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலி, பாதத்தின் வெளியோர நடு எலும்பை அல்லது உட்பக்க வளைவின் மேல் எலும்பை அழுத்தினால் வலி, நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பழைய வலி என்றால், இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்:

- 6 வாரம் தாண்டியும் வலி அல்லது வீக்கம் குறையவில்லை
- கால் அடிக்கடி "விட்டுவிடுகிறது"
- மூட்டு சிக்கிக்கொள்கிறது அல்லது பூட்டிக்கொள்கிறது
- இரவில் ஓய்வாக இருக்கும்போதும் வலிக்கிறது
- பாதம் மரத்துப்போகிறது

மூட்டு சூடாகிச் சிவந்து, காய்ச்சலும் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். தனியார் இயன்மருத்துவரை நேரடியாகவும் பார்க்கலாம்.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநாரும் குருத்தெலும்பும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் முறிவு தெரியவில்லை என்று அர்த்தம், ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. வலி தொடர்ந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

முறையான பயிற்சியைச் சில மாதங்கள் செய்த பிறகும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அதிகம் செய்யப்படுவது, 1966ஆம் ஆண்டு சுவீடன் மருத்துவர் லெனார்ட் புரோஸ்ட்ரோம் விவரித்த முறையின் மேம்பட்ட வடிவம். கிழிந்து தளர்ந்த தசைநாரையே இறுக்கித் தைத்து எலும்போடு சேர்ப்பார்கள். அதன்பிறகும் அதே சமநிலைப் பயிற்சியைச் செய்துதான் ஆகவேண்டும். குறுக்குவழி இல்லை.

"வலியோடவே ஓடிக்கிறேன்" என்று விட்டால் என்ன?

இருபது வயதில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் கணுக்கால் மூட்டுத் தேய்மானம் இடுப்பு, முழங்கால் தேய்மானத்தைப் போல் வயதானால் வருவது அல்ல. பெரும்பாலும் முன்பு பட்ட அடியினால் வருவது. எலும்பு முறிவு அதில் முக்கியக் காரணம். திரும்பத் திரும்பச் சுளுக்கி ஆடிக்கொண்டிருக்கும் மூட்டும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், பயந்து ஓட்டத்தையே விட்டவர்களும் இருக்கிறார்கள். "என் கால் அப்படித்தான்" என்று முடிவுகட்டி, நண்பர்களோடு ஓடுவதை நிறுத்தி, படியைத் தவிர்த்து மின்தூக்கியைத் தேடுகிறார்கள். அதுவும் இழப்புதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. என்ன அடிபட்டிருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்வது. எட்டு வாரம் பொறுமையாகப் பயிற்சி செய்வது. அதன்பிறகு மெல்ல ஓட ஆரம்பிப்பது.

இன்று இரவு பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். எந்தக் கால் அதிகம் ஆடுகிறது?

அந்தக் காலிலிருந்து தொடங்குங்கள்.

இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் வலிக்கான காரணத்தையும் சிகிச்சையையும் மருத்துவரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.